இடையன்குடிக் கால்டுவெல்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அணித்தாக, செம்மணல் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் இடையன்குடி. அவ்வூரின் கோயிலில், பலிபீடத்தின் அடியில், அயர்லாந்தில் பிறந்த ஒருவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இருபத்தேழு வயது இளைஞராக அவ்வூருக்கு நடந்து வந்தவர் அவர். திருச்சபையின் ஊழியராகவும், ஊரின் மூத்தவராகவும், உலகறிந்த மொழி ஆய்வாளராகவும் விளங்கி, எழுபத்தேழாம் வயதில் அம்மண்ணிலேயே துயில்கொண்டார். அவரே இராபர்ட் கால்டுவெல். தென்னிந்திய மொழிகளின் உறவை உலகுக்கு உணர்த்திய ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் என்று அவரை நாம் அறிவோம். அந்நூல் பிறந்த ஊரையும், அவ்வூர் மக்களோடு அவர் கொண்ட நெடுநாள் உறவையும், அவ்வுறவில் நேர்ந்த ஒரு பெரும் பிழையையும் சேர்த்து அறியும்போதுதான் அவருடைய வாழ்வு முழுமையாக விளங்கும்.

இளமையும் கல்வியும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் ஆண்ட்ரிம் வட்டாரத்திலுள்ள கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். அவர்கள் செல்வர் அல்லர். மகனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. பதினாறு வயதளவில் கால்டுவெல் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். ஆனால் அவருடைய உள்ளம் சமயப் பணியை நாடியது. ஓவியத்தை விட்டு, இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து, அச்சங்கத்தின் துணையோடு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றார்.

அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்போர்டு என்பவர், ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்புநோக்கி ஆராயும் முறையை மாணவர்க்கு விளக்குவது வழக்கம். கால்டுவெல் உள்ளத்தில் ஒப்பியல் விதை விழுந்தது அவ்வகுப்பில்தான். அது முளைத்துப் பயன்தருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

1837இல் பட்டம் பெற்ற கால்டுவெல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில், தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி.பி. பிரௌன் பயணம் செய்தார். அவரிடம் உரையாடியும் கற்றும் கடற்பயணத்தின் நீண்ட நாள்களைக் கால்டுவெல் பயனுடையனவாக்கிக்கொண்டார். 1838 ஜனவரித் திங்களில் அவர் சென்னைக் கரையில் இறங்கினார்.

தமிழோடு ஒரு நெடும்பயணம்

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ, பேரகராதிப் பணியில் பெயர்பெற்ற வின்சுலோ ஆகியோரின் நட்பு அவருக்குத் துணைநின்றது. எனினும், நகரத்தில் நூல்வழிக் கற்கும் தமிழ் மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். நற்செய்திப் பரப்புச் சங்கத்தில் சேர்ந்து, தென்கோடியில் பணியாற்ற இசைந்த அவர், அவ்விடத்தை அடையத் தேர்ந்தெடுத்த வழி வியப்புக்குரியது. பல்லக்கும் வண்டியும் வேண்டாமென விலக்கி, 1841ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார்.

சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என ஊர்தோறும் தங்கி நடந்தார். வழியிலுள்ள சத்திரங்களில் இரவைக் கழித்தார். மேற்கே திரும்பிக் கோயம்புத்தூர் வழியாக நீலகிரி மலைக்கு ஏறினார். அங்கே பேராயர் ஸ்பென்சரிடம் திருநிலைப்பாடு பெற்றார். பின்னர் மதுரை வழியாகத் திருநெல்வேலியை அடைந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பியர் ஒருவர் புழுதி படிந்த கால்களோடு நடந்து வருவது ஊராருக்குப் புதுமையாக இருந்திருக்கும். சத்திரத்துத் திண்ணையிலும் சாலையோர மரநிழலிலும் பல திறத்து மக்களின் பேச்சை அவர் கேட்டார். ஊருக்கு ஊர் தமிழ் மாறி ஒலிப்பதைச் செவியால் உணர்ந்தார். நூலகத்தில் கிடைக்காத கல்வி இது.

ஊரை உருவாக்கியவர்

இடையன்குடி அப்போது வறுமைப்பட்ட சிற்றூர். மழை குறைந்த மண். காற்றில் பறக்கும் செந்நிற மணல். மக்களில் பெரும்பாலோர் பனையை நம்பி வாழ்ந்தனர். விடியுமுன் மரமேறிப் பாளை சீவிக் கலயத்தில் பதநீர் இறக்கி, அதைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவது அவர்கள் தொழில். மரத்திலிருந்து தவறினால் உயிருக்கே கேடு. பருவம் முடிந்தால் வருவாயும் முடியும். கிறித்தவர்கள் சிலர் அங்கே முன்னரே இருந்தனர். அவர்களை வழிநடத்தும் பொறுப்பு கால்டுவெல்லுக்கு வந்தது.

கோயிலுக்குள் மட்டும் நிகழும் பணியாக அவர் அதைக் கருதவில்லை. ஒழுங்கின்றிக் கிடந்த குடியிருப்பைத் திருத்த முனைந்தார். நேரான தெருக்கள் வகுக்கப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன, மரங்கள் நடப்பட்டன. சுற்றுச் சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. அக்காலத்தில் எழுத்தறிவு எட்டாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அப்பள்ளிகளில் ஏடெடுத்தனர்.

1844ஆம் ஆண்டு நாகர்கோவிலில் எலிசா மால்ட் என்னும் பெண்மணியைக் கால்டுவெல் மணந்தார். எலிசாவின் தந்தை சார்லசு மால்ட் நாகர்கோவிலில் நெடுநாள் சமயப்பணி ஆற்றியவர். சிறு வயது முதலே தமிழ் மக்களிடையே வளர்ந்த எலிசாவுக்குப் பேச்சுத்தமிழ் இயல்பாக வந்தது. கணவர் நூல்வழியாகவும் உழைப்பாலும் தேடிய மொழியை அவர் பேச்சு வழக்கிலேயே பெற்றிருந்தார். பெண்களோடு அமர்ந்து உரையாடவும், அவர்களுடைய இன்பதுன்பங்களை அறியவும் அவரால் இயன்றது. இடையன்குடியில் பெண் குழந்தைகளுக்காக விடுதிப்பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். தம் தாயார் நாகர்கோவிலில் அறிமுகப்படுத்திய பின்னல்வேலையைத் தாமும் கற்பித்தார். கல்வியும் கைத்தொழிலும் சேர்ந்தபோது, பெண்களின் கையில் சிறிதளவேனும் சொந்த வருவாய் நின்றது. பனைப்பருவம் முடிந்தபின் வறுமை சூழும் ஊரில் அது சிறிய உதவியன்று.

முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுந்த கோயில்

இடையன்குடியில் இன்று வானளாவ நிற்கும் தூய திரித்துவ ஆலயத்திற்கு 1847ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. வழிபாட்டுக்காக அது திறக்கப்பட்டதோ 1880ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள். இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. கூர்முனை வளைவுகள் கொண்ட மேனாட்டுக் கட்டடக்கலையை அதுவரை கண்டிராத உள்ளூர்க் கொத்தர்களும் தச்சர்களுமே அதை எழுப்பினர். இளமையில் பயின்று கைவிட்ட ஓவியக்கலை கால்டுவெல்லுக்கு அங்கே கைகொடுத்தது. சாளரங்களுக்கும் வளைவுகளுக்கும் அவரே களிமண்ணில் மாதிரிகள் செய்து காட்டினார். தொழிலாளர்கள் அவற்றைப் பார்த்துக் கல்லிலும் சுண்ணத்திலும் வடித்தனர்.

அடிக்கல் நாட்டிய நாளில் தந்தையின் தோளிலிருந்து வேடிக்கை பார்த்த குழந்தை, கோயில் திறக்கப்பட்ட நாளில் தன் பிள்ளைகளோடு உள்ளே நுழைந்திருக்கக்கூடும். ஒரு தலைமுறை வளர்ந்து முடியும் காலம் அது. அத்தனை காலமும் பணி கைவிடப்படவில்லை என்பதே கால்டுவெல்லின் இயல்பைக் காட்டும். அவர் எழுதிய நூல்களிலும் இதே பொறுமையைக் காண்கிறோம்.

ஒப்பிலக்கணம்

ஊர்ப்பணிகளுக்கு இடையே கால்டுவெல் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகளின் இலக்கணங்களையும் ஆராய்ந்தார். அவை அனைத்தும் வடமொழியிலிருந்து தோன்றியவை என்னும் கருத்து அக்காலத்து அறிஞர் பலரிடையே நிலவியது. 1816ஆம் ஆண்டிலேயே எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பத்தைச் சார்ந்தவை எனக் காட்டியிருந்தார். எனினும் அவ்வுண்மை விரிவாக நிறுவப்படவில்லை. அப்பெரும்பணியைக் கால்டுவெல் மேற்கொண்டார்.

அவர் கையாண்ட முறை தெளிவானது. ஒரு மொழி மற்றொரு மொழியிடமிருந்து கடன் பெறும் சொற்கள் பல. ஆனால் தன்னைச் சுட்டவும், எண்ணவும், உடலுறுப்புகளைக் குறிக்கவும் மக்கள் வழங்கும் அடிப்படைச் சொற்களை எளிதில் கடன் பெறுவதில்லை. தமிழில் மூன்று என்பது மலையாளத்தில் மூன்னு எனவும், கன்னடத்தில் மூரு எனவும், தெலுங்கில் மூடு எனவும் வழங்குகிறது. வடமொழியிலோ அது திரி. தமிழில் செவி என்பது கன்னடத்தில் கிவி ஆகிறது. இம்மாற்றங்கள் தற்செயலானவை அல்ல. ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. சொற்களோடு நில்லாமல், வேற்றுமை உருபுகள், வினைமுற்றுகள், எண்கள், இடப்பெயர்கள் ஆகிய அனைத்தையும் அவர் இவ்வாறே ஒப்பிட்டார். வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்ல ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டினார்.

உடல்நலம் குன்றியதால் 1854இல் தாயகம் சென்ற கால்டுவெல், ஓய்வுக்காகச் சென்ற காலத்தையும் நூலாக்கத்திற்கே செலவிட்டார். திராவிட அல்லது தென்னிந்திய மொழிக்குடும்பத்தின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. வடமொழி நூல்களில் வழங்கிய திராவிடம் என்னும் சொல்லை ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக அந்நூல் நிலைபெறச் செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1875இல், பெரிதும் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை அவர் வெளியிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்னும் ஆறும், தோடா, கோத்தா, கோண்டு, கூய், ஒராவோன், இராசமகால் என்னும் ஆறுமாகப் பன்னிரண்டு மொழிகள் அதில் இடம்பெற்றன. எழுத்து வடிவம் பெறாத மலைவாழ் மக்களின் மொழிகளும் இலக்கியச் செல்வம் மிக்க மொழிகளோடு ஒரே குடும்பத்தில் உறவுரிமை பெற்றன.

கால்டுவெல்லின் முடிபுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவன அல்ல. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு அவர் உறவுபடுத்திய கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் கைவிட்டனர். தமிழ் இலக்கியத்தின் காலம் குறித்த அவருடைய கணிப்புகளும் திருத்தப்பட்டன. சங்க நூல்கள் பல அச்சேறாத காலத்தில் அவர் எழுதினார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் அவர் இட்ட அடித்தளம் அசையவில்லை.

ஒரு பிழையும் அதன் பாடமும்

கால்டுவெல்லின் வாழ்வில் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1849ஆம் ஆண்டு, தம்மோடு வாழ்ந்த பனைத்தொழில் சமூகத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். மக்களின் வாழ்க்கையையும் வழிபாட்டையும் மேனாட்டார்க்கு எடுத்துரைப்பது அதன் நோக்கம். அவர்களிடையே எட்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்தும், அந்நூலில் அவர்களை உயரத்திலிருந்து நோக்கும் பார்வையே மிகுந்திருந்தது. அவர்களுடைய அறிவாற்றலைத் தாழ்த்தியும், அவர்கள் அயலிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் அவர் எழுதினார்.

நூல் ஆங்கிலத்தில் இருந்தமையால் ஊரார் பலருக்கு அது உடனே தெரியவரவில்லை. ஆனால் காலம் மாறியது. சமயப் பணியாளர்கள் நிறுவிய பள்ளிகளில் பயின்ற தலைமுறை வளர்ந்து ஆங்கிலம் கற்றது. தங்களைப் பற்றி எழுதப்பட்டிருந்ததை அவர்கள் தாங்களே படித்தனர், மனம் வருந்தினர், பின்னர் எதிர்த்து எழுந்தனர். வன்முறையை நாடாமல் எழுத்தையே கருவியாக்கினர். விண்ணப்பங்கள் எழுதினர், தங்கள் வரலாற்றைத் தாங்களே ஆராய்ந்து மறுப்பு நூல்கள் வெளியிட்டனர். இறுதியில் கால்டுவெல்லின் அச்சிறுநூல் வழக்கிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்நிகழ்ச்சி இருவகையில் எண்ணத்தக்கது. ஒரு மொழியின் பெருமையை உலகுக்கு எடுத்துக்காட்டிய அறிஞர், அம்மொழியைப் பேசும் எளிய மக்களைக் குறைத்து மதிப்பிட்டார். மொழியை ஆராயும் கண்ணுக்கு மக்களின் மாண்பு தானாகப் புலப்பட்டுவிடுவதில்லை. மறுபுறம், அவர் எழுதியதை மறுப்பதற்கு வேண்டிய கருவியை அம்மக்களுக்கு வழங்கியது அவரும் அவரைப் போன்றோரும் வளர்த்த கல்வியே. கற்பித்தவரையே வினவும் உரிமையைக் கல்வி தருகிறது. அவ்வினாவின் வன்மையைத் தம் முதுமையில் கால்டுவெல் நேரே காண நேர்ந்தது.

பேராயரும் வரலாற்றறிஞரும்

1877ஆம் ஆண்டு கல்கத்தாவில் கால்டுவெல்லுக்குப் பேராயர் திருநிலை வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. பதவியோடு பெருந்துயரமும் சேர்ந்தே வந்தது. தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது. பசியால் வாடியோர்க்கு உணவளிக்கும் துயர்துடைப்புப் பணியில் அவரும் உடன் பணியாற்றியோரும் ஈடுபட்டனர்.

தாமிரபரணிக் கரையின் பழமை அவரை ஈர்த்தது. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை, பிற்காலத் துறைமுகமான காயல் ஆகிய இடங்களில் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். ஒருகாலத்தில் கடல்துறையாக இருந்த கொற்கை, ஆறு கொணர்ந்த மண் படிந்ததால் கரையிலிருந்து உள்வாங்கிய நிலையை அவர் ஆராய்ச்சி விளக்கியது. அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881இல் வெளிவந்தது. தொல்பழங்காலம் முதல் 1801ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்தது வரையிலான செய்திகளை அந்நூல் தொகுத்துரைக்கிறது. தமிழிலும் அவர் உரைநடை எழுதினார். நற்கருணைத் தியான மாலை, தாமரைத் தடாகம் என்பன அவற்றுள் சில. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்த குழுவில் பவர் முதலியோருடன் பல ஆண்டுகள் உழைத்தார்.

இறுதிக்காலம்

1883இல் கால்டுவெல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். சாயர்புரத்தில் இயங்கிய கல்லூரியும் அந்நகருக்கு மாறி அவர் பெயரைத் தாங்கியது. முதுமையும் நோயும் நெருங்கவே, 1891 ஜனவரி இறுதியில் பேராயர் பொறுப்பிலிருந்து விலகினார். தாயகம் திரும்பி எஞ்சிய நாள்களைக் கழிக்க அவருக்கு வாய்ப்பிருந்தது. அவர் திரும்பவில்லை. கொடைக்கானல் மலையில் தங்கினார். அங்கே 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவருடைய வாழ்வு நிறைவுற்றது.

அவர் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, நெடுவழி கடந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பிய கோயிலின் பலிபீடத்தருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். நாற்பத்தேழு ஆண்டுகள் அவரோடு இணைந்து பணியாற்றிய எலிசா, மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1899இல் மறைந்தார்.

1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2010ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு தமிழக அரசால் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. கடற்கரைச் சிலையைக் காண்போர் மொழி ஆய்வாளரை நினைவுகூர்கின்றனர். இடையன்குடிக்குச் செல்வோர் நேரான தெருக்களையும், பெண்கள் கற்ற பள்ளியின் சுவடுகளையும், உள்ளூர்க் கைகள் வடித்த வளைவுகளையும் காண்கின்றனர். நூலில் தெரியும் அறிஞரும், பிழை செய்தும் தம் பணியிடத்தை விட்டு அகலாத மனிதரும் ஒருவரே என்பதை அவ்வூர் காட்டுகிறது. அவருடைய தொண்டைப் போற்றுவதும், அவருடைய பிழையை மறுத்தெழுந்த மக்களின் தன்மதிப்பைப் போற்றுவதும் நம் கடமையாகும்.